ஜிங்க் க்ரீமா, ஜெல்லா? சேலத்து வெயிலுக்கு எது சரி

சன்ஸ்கிரீன் வாங்கி ஏமாந்தவர்களில் பலர் சொல்லும் புகார், முகம் திருநீறு பூசியது போல ஆகிவிட்டது என்பதுதான். ஜிங்க் க்ரீமில் வெயிலைத் தடுக்கும் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளைத் தூள்கள். மாநிறத்தில் பளிச்சென்று தெரியும். நிறம் சேர்த்த க்ரீம் என்றால் பரவாயில்லை. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் நன்மை.

ஜெல்லில் வெள்ளைப் பூச்சு இல்லை. ஏப்ரலில் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கிறவர்களுக்கு என் ஓட்டு ஜெல்லுக்கே. ஆனால் வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும், ஹெல்மெட்டுக்குள் கசக்கவும் முடியாது. அதனால் கண்ணோரத்துக்கு மட்டும் ஜிங்க்.

ஏற்காடு வேறு கணக்கு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் குளிர்கிறதே என்று பலர் எதுவும் பூசுவதில்லை. உண்மையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10% கூடும்; ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மார்கழிக் குளிரில் ஆல்கஹால் கலந்த ஜெல் தோலை இழுக்கும். அங்கே க்ரீம்தான்.

ட்யூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப் என்பது வெயில் காப்பு எண்; எஸ்.பி.எஃப் 30 என்றால், தோலைச் சிவக்க வைக்கும் யுவிபி என்ற புற ஊதாக்கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்றால் சுமார் 98%. இந்த ஒரு சதவீதத்துக்கா கூடுதல் காசு? முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் எடுத்தால் போதும்; பட்டாணி அளவு பூசினால் எந்த ட்யூபும் முழுதாக வேலை செய்யாது. எதுவானாலும் முதலில் சின்ன ட்யூப் வாங்கி, காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பாருங்கள்.