எல்சிடி எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: ‘போச்சு’ என்றால் நம்பலாம், ‘நன்றாக இருக்கிறது’ என்றால்?

சுவிட்சை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை. இப்படி அடங்கிப்போன கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது மெயின் கரண்டை கம்ப்யூட்டருக்குத் தேவையான சிறிய வோல்டேஜ்களாக மாற்றித் தரும் பெட்டியை. அதைக் கழற்றிப் பிரிக்காமலே சோதிக்க உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் பல பெயர்களில் விற்கிறார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: போர்டுக்கான 24 பின் சாக்கெட், டிஸ்குகளுக்குக் கரண்ட் தரும் சாட்டா, நான்கு பின் மோலெக்ஸ், சிபியு, கிராபிக்ஸ் கார்டு சாக்கெட்டுகள், நடுவில் ஒரு எல்சிடி திரை. விலை சில நூறு ரூபாய். இது எதைச் சரியாகச் சொல்கிறது, எங்கே கவிழ்க்கிறது என்று தெரிந்து வாங்கினால் காசு வீணாகாது.

பயன்படுத்துவது எளிது. மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கும் டிஸ்குக்கும் போகும் எல்லா வயர்களையும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரையும், சிபியுவுக்குப் போகும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் டெஸ்டரில் செருகிவிட்டுப் பிளக்கைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்யும் பச்சை வயரைக் கருப்பு (கிரவுண்டு) வயரோடு இணைக்கும் வேலையை டெஸ்டரே செய்துவிடுவதால் எஸ்எம்பிஎஸ் தானாக ஓடத் தொடங்கும். ஒரு பீப், பிறகு எண்கள். இதற்குத் தனி பேட்டரி கிடையாது, எஸ்எம்பிஎஸ் தரும் கரண்டிலேயே இயங்குகிறது. ஆகவே திரை இருட்டாகவே இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். சுவர் பாயிண்டில் கரண்ட் இருக்கிறது, பவர் கார்டு நல்லது, பின்பக்கச் சுவிட்ச் ஆனில் இருக்கிறது, அப்படியும் திரை வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. இந்தத் தீர்ப்பை நம்பலாம்.

திரையில் வர வேண்டிய அளவுகள் இவை. 12 வோல்ட் என்பது 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். 5 வோல்ட்டும், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பையும் 4.75 முதல் 5.25 வரை. 3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரை. மைனஸ் 12-க்கு மட்டும் பத்து சதவீதம் தளர்வு உண்டு. அளவு குறைந்தால் ‘எல்எல்’ என்றும், கூடினால் ‘எச்எச்’ என்றும் காட்டிக் கத்தும். இரண்டாவது 12 வோல்ட் இடத்தில் ‘எல்எல்’ வந்ததும் பலர் பதறிப்போய் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுகிறார்கள். சிபியு கனெக்டரைச் செருக மறந்திருந்தாலும் அதே ‘எல்எல்’தான் வரும். முதலில் அதைப் பாருங்கள்.

சிபியு கனெக்டரும் கிராபிக்ஸ் கார்டு கனெக்டரும் இரண்டும் 8 பின்தான், ஆனால் வயர் வரிசை வேறு. சிபியுவுடையது நான்கும் நான்குமாகப் பிரியும். ஒரு வரிசை முழுக்க மஞ்சள், மறு வரிசை கருப்பு. கிராபிக்ஸ் கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். மூன்று மஞ்சள், ஐந்து கருப்பு. மாற்றிச் செருகினால் நேரடி ஷார்ட். கனெக்டர் உள்ளே போக அடம்பிடித்தால் அழுத்தாதீர்கள்.

இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு ‘பிஜி’ (பவர் குட்) என்ற எண்ணில் இருக்கிறது. வோல்டேஜ்கள் நிலைத்த பிறகு எஸ்எம்பிஎஸ் சாம்பல் வயர் வழியே ‘எல்லாம் சரி’ என்று போர்டுக்குத் தகவல் அனுப்பும். அது வரும்வரை போர்டு பிராசசரை ரீசெட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கும். 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் அந்தத் தகவல் வர வேண்டும். வராவிட்டால் ஃபேன் ஜம்மென்று சுற்றும், டிஸ்ப்ளே மட்டும் வராது. பழி ரேம் மேலும் போர்டு மேலும் விழும். சாதாரண மல்டிமீட்டரால் இத்தனை சிறிய நேரத்தை அளக்கவே முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே சர்வீஸ் வேலை செய்பவர்கள் இதை வைத்திருக்கலாம்.

இனி குறைகள்.

முதலாவது, திரை ஒரே ஒரு தசம இலக்கத்தைத்தான் காட்டும். 3.1 என்று வந்தால் உள்ளே இருப்பது 3.06-ஆ, 3.14-ஆ என்று தெரியாது. முன்னது எல்லைக்கு வெளியே, பின்னது உள்ளே. அலாரம் அடிக்கவில்லை என்பதற்காக 3.1-ஐயும் 4.7-ஐயும் நல்ல எண் என்று விட்டுவிடக் கூடாது. மீட்டர் வைத்து மறுபடி பாருங்கள்.

இரண்டாவது குறைதான் பெரியது. டெஸ்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு சிஸ்டம் 12 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் கேட்கலாம். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெபாசிட்டர் காய்ந்துபோன எஸ்எம்பிஎஸ், சுமை இல்லாதபோது 12.1 என்று அழகாகக் காட்டிவிட்டு, போர்டில் மாட்டியதும் படுத்துவிடும். வோல்டேஜோடு கலந்து வரும் வேகமான சிறு ஏற்ற இறக்கத்தையும் (ரிப்பிள்) இது பார்ப்பதில்லை. 12 வோல்ட்டில் அந்த ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஆக, ‘எல்லாம் நல்லது’ என்று டெஸ்டர் சொன்னால், ‘முழுக்கச் சாகவில்லை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுமை கொடுத்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: 12 வோல்ட் 35 வாட் பைக் ஹெட்லைட் பல்பு. டெஸ்டரில் 24 பின் செருகியபடி இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சளுக்கும் பக்கத்துக் கருப்புக்கும் நடுவே பல்பை இணைத்து, மறுபடி கரண்ட் கொடுங்கள். ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் அப்படியே நிற்கும், அல்லது சிறிது இறங்கும். 11.4-க்குக் கீழே சரிந்தால் கதை முடிந்தது. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். குளிர்ந்த பல்பு முதல் கணத்தில் பல மடங்கு கரண்டை இழுப்பதால் எஸ்எம்பிஎஸ் ஒரு தடவை நின்றுபோகலாம். அதை மட்டும் வைத்துக் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள். அடுத்தது, பல்பு கொதிக்கும். செங்கல் மேலோ டைல்ஸ் மேலோ வையுங்கள், பிளாஸ்டிக் மேல் வேண்டாம்.

டெஸ்டர் கோட்டைவிடும் இன்னொரு இடம் ஸ்டாண்ட்பை. பிளக் செருகியிருக்கும் வரை, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்த பிறகும் ஊதா வயரில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இரவு பகல் பாராமல் சூட்டில் உழைக்கும் அந்தப் பகுதியின் சிறிய கெபாசிட்டர்தான் பல எஸ்எம்பிஎஸ்களில் முதலில் காய்கிறது. ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் நாலைந்து தடவை சுவிட்சை அழுத்தினால்தான் எழுந்திருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். டெஸ்டரில் 4.9 காட்டும், போர்டில் மாட்டினால் 4.3-க்கு விழும். எனவே இதைப் போர்டில் மாட்டியபடியே அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் தொட்டு, சிவப்பு முனையை 24 பின் கனெக்டரின் முதுகுப் பக்கமாக ஊதா வயரோடு ஒட்டி உள்ளே விடுங்கள். அப்படியே பச்சைக்கு வாருங்கள். சுவிட்சை அழுத்தும் முன் அதில் பொதுவாக 3 முதல் 5 வோல்ட் இருக்கும். அழுத்தியதும் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ஊதாவில் 5 சரியாக இருந்து, பச்சை இறங்கவே இல்லை என்றால் குற்றம் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. முன்பக்கச் சுவிட்சிலோ போர்டிலோ. போர்டில் பவர் சுவிட்ச் வயர் செருகியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு இணைத்துப் பாருங்கள். கிளம்பினால் சுவிட்சை மாற்றினால் போதும்.

ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, ஆனால் டெஸ்டரிலும் பல்பிலும் எஸ்எம்பிஎஸ் தேறிவிட்டது என்றால், எங்கேயோ ஷார்ட் இருப்பதால் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. போர்டில் 24 பின்னை மட்டும் விட்டுவிட்டு சிபியுவின் 4 அல்லது 8 பின்னைக் கழற்றி ஆன் செய்யுங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால் பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியில் ஒரு மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் சிறிய பாகம்) ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அது போர்டு சர்வீஸ் வேலை.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ரீஃபர்பிஷ்டாக வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் ஏராளம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் மெயின் கனெக்டர் 8 பின். எச்பி, லெனோவோ சிலவற்றில் 6, 10, 14 பின்கள் என்று போகும். இந்த டெஸ்டர் அவற்றில் செருகவே செருகாது. அடாப்டர் கேபிள் வைத்து ஒப்பேற்றவும் வேண்டாம். அந்த எஸ்எம்பிஎஸ்களில் 3.3 போன்ற வோல்டேஜ்கள் வெளியே வராததால் திரையில் வரும் ‘எல்எல்’லுக்கு அர்த்தமே இருக்காது.

வாங்கலாமா? தெருவில் நாலு வீட்டு கம்ப்யூட்டரைப் பார்ப்பவர், சிறிய சர்வீஸ் கடை வைத்திருப்பவர் என்றால் வாங்குங்கள். இரண்டே நிமிடத்தில் செத்ததைப் பிரித்துத் தரும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு சிஸ்டம் என்றால் அதே காசுக்கு மல்டிமீட்டர் வாங்குங்கள், மற்ற வேலைக்கும் உதவும். மலிவு மீட்டரில் ஒன்று: உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் அது அளவைக் கூட்டிக் காட்டும், 12 வோல்ட் 13-க்கு மேல் தெரியும். மீட்டர் சரியா என்று அறியப் புதிய சிஆர்2032 பட்டன் பேட்டரியை அளந்து பாருங்கள், 3.0-க்கும் 3.3-க்கும் நடுவே வர வேண்டும். 

எதை வாங்கினாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மெயினில் ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.