தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப்பாதைகளும் ஒரு வாடகை மிதிவண்டியும்

சென்னை, புதுச்சேரி, கடலூர் என்று கடற்கரையோர ஊர்களில் விடியற்காலையில் மிதிவண்டி ஓட்டிப் பழகியவர்கள், விடுமுறை கிடைத்ததும் மலைப்பாதைகளைத் தேடி மேற்கே வருவதை இப்போது அடிக்கடி காண்கிறேன். அவர்களில் பலர் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போய்விடுகிறார்கள். தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் பெங்களூர் நெடுஞ்சாலையில் கடந்து போகும் ஊர்களாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். தருமபுரியில் குடியிருந்து, இந்தப் பாதைகளில் ஆண்டு முழுவதும் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், வெளியூரிலிருந்து வருபவருக்கு எந்தப் பாதை ஏற்றது, எது ஏற்றதல்ல என்பதை இங்கே எழுதுகிறேன். கடந்த தை மாதத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த என் அண்ணன் மகன் பெங்களூரில் வாடகைக்கு எடுத்து வந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்குள்ள நில அமைப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500 மீட்டரை ஒட்டி இருக்கின்றன. ஒகேனக்கலில் காவிரி ஓடும் இடமோ அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான். மாடிப்படியைப் போல இறங்கிக்கொண்டே போகும் இந்த அமைப்பினால், மற்ற மலை ஊர்களில் முதலில் ஏறிப் பிறகு இறங்குவதற்கு மாறாக, இங்கே புகழ்பெற்ற பாதையில் காலைக் குளிர்ச்சியில் சிரமமில்லாமல் இறங்கிவிட்டு, வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் களைத்த கால்களோடு ஏற வேண்டியிருக்கிறது. எனவே, ஒரு பாதையின் அழகைப் பார்ப்பதற்கு முன், அதிலிருந்து எப்படித் திரும்புவோம் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். இந்த மதிப்பீடு முழுவதும் அந்த ஓர் அளவுகோலை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

எல்லோரும் முதலில் கேட்பது ஒகேனக்கல் பாதை. தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரையில் வயல்களுக்கும் மானாவாரிக் காடுகளுக்கும் நடுவே லேசான மேடு பள்ளமாகச் செல்லும் சாலை, மடம் சோதனைச் சாவடியைக் கடந்ததும் வனத்துக்குள் நுழைந்து, வளைவு வளைவாகக் காவிரியை நோக்கி இறங்குகிறது. மழைக்காலம் முடிந்து உசிலையும் மூங்கிலும் பச்சையாக நிற்கும் மாதங்களில், அதிகாலை ஏழு மணிக்குள் இந்த இறக்கத்தில் போவதற்கு இணையான அனுபவம் இந்த மாவட்டத்தில் வேறில்லை என்றே சொல்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பிறகு அதே சாலை வேறு விதமாகிவிடுகிறது. சுற்றுலா வேன்கள் வளைவுகளில் இடம் மாறி வருகின்றன. வண்டிகளிலிருந்து வீசப்படும் தின்பண்டங்களுக்குப் பழகிய குரங்குகள் சாலையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு சக்கரத்தில் இறங்குபவருக்கு இவை இரண்டுமே ஆபத்து.

அருவியை அடைந்த பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடம் கெண்டைக்காலைக் கொடுத்துவிட்டு, குளித்து, கரையோரக் கடைகளில் மீன் வறுவலோடு சாப்பிடுவது மிதிவண்டியில் வந்தவருக்கே முழுமையாகக் கிடைக்கும் இன்பம். சிக்கல் திரும்பும்போதுதான். பகல் ஒரு மணிக்குப் பாறையெல்லாம் கொதித்துக் கிடக்க, நிழல் குறைந்த ஏற்றத்தில் பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்கி ஒதுங்கி ஏறும்போது, என் அண்ணன் மகன் வண்டியை நிறுத்தி, "சித்தப்பா, ஈ.சி.ஆர்.ல அறுபது கிலோமீட்டர் அசராமப் போவேன், இங்க ஆறு கிலோமீட்டர் தாங்கலையே" என்றான். அவன் உடல்வலுவில் குறைந்தவன் அல்லன். கடற்கரைச் சாலையில் எதிர்ப்பது காற்று மட்டும். குனிந்து ஓட்டினால் அது குறைந்துவிடும். ஏற்றத்திலோ, நம் எடையையும் வண்டியின் எடையையும் ஒவ்வொரு மீட்டருக்கும் நாமே தூக்க வேண்டும். வேகம் குறைவதால் உடலைக் குளிர்விக்கும் காற்றும் கிடைக்காது. ஆகவே என் கருத்து இதுதான்: ஒகேனக்கலுக்கு மிதிவண்டியில் இறங்குங்கள், திரும்புவதற்கு ஒரு டாடா ஏஸ் வண்டியை முன்கூட்டியே பென்னாகரத்தில் பேசி வைத்துவிடுங்கள். அந்த ஏற்பாடு இருந்தால் இது முதல் தரமான பாதை. இல்லாவிட்டால் பழக்கமில்லாதவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் அளவுகோலில் முதலிடம் பெறுவது வத்தல்மலை. தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், சேர்வராயன் மலைத்தொடரை ஒட்டி இருக்கும் இந்த மலைக்கு முதலில் ஏறிப் பிறகு இறங்குகிறோம். வியர்வை சிந்துவது காலையில், காற்று வாங்குவது மாலையில் என்று அமைவதே இதன் பெரிய சிறப்பு. அடிவாரம் வரையிலான சமவெளியில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. மார்கழி, தை மாதங்களில் அறுத்த கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் வாகனங்கள் ஏறி மிதிக்கட்டும் என்று விவசாயிகள் சாலையிலேயே பரப்பி வைப்பார்கள். பேருந்துக்கு அது ஒன்றுமில்லை. மிதிவண்டிச் சக்கரத்துக்கு அடியில் காய்ந்த தாளும் உருண்டோடும் கொள்ளு மணிகளும் சேர்ந்தால், பிரேக்கைத் தொட்ட கணமே பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவும். அந்த இடத்தில் பிரேக் பிடிக்காமல், கைப்பிடியைத் திருப்பாமல், மெல்ல மிதித்தபடி நேராகக் கடக்க வேண்டும். ஓரமாகப் போவதாக நினைத்துக் குவியல்மேல் ஏற்றிவிடாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு.

அடிவாரத்திலிருந்து ஏற்றம் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன. வளைவின் உட்புறம் செங்குத்தாகவும் வெளிப்புறம் சற்றுச் சமமாகவும் இருப்பதால், எதிரே வண்டி வரவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தால் சற்று விலகி அகலமாக வளைந்து ஏறுவது கால்களுக்கு நல்லது. முன்பக்கச் சிறிய பல்சக்கரத்துக்கு வளைவு வருவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்; ஏற்றத்தின் நடுவில், முழு அழுத்தத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் சங்கிலி கழன்று விழும். பாதி மலையில் திரும்பிப் பார்த்தால் தருமபுரிச் சமவெளி முழுவதும், ஏரிகளும் தென்னந்தோப்புகளும் தனித்தனிக் கரடுகளுமாக, கீழே விரிந்து கிடக்கும். அங்கே நின்று தண்ணீர் குடிப்பது என் வழக்கம்.

மேலே ஏறிவிட்டால் ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரம். வெள்ளியோக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அவற்றின் நிழலில் காபிச் செடிகள் நிற்கின்றன. சரிவுகளில் சாமையும் பிற சிறுதானியங்களும் விளைகின்றன. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு போன்ற சிற்றூர்களுக்கு இடையில் மண்பாதைகள் பிரிந்து செல்கின்றன. தடித்த பட்டன் டயரும் முன்பக்கச் சஸ்பென்ஷனும் எதற்காக இருக்கின்றன என்பது இந்தப் பாதைகளில்தான் தெரியவரும். வேர்கள் குறுக்கே ஓடும் சரிவுகளும், மழைநீர் அரித்த பள்ளங்களும், மறுபடி சிறு மேடுகளும் என்று மாறி மாறி வருவதால் மனம் ஒரு நிமிடம்கூடச் சலிப்பதில்லை. தை மாதத்தில் வீட்டு முற்றங்களிலும் பாதையோரத்திலும் காபிப் பழங்களைக் காயப்போட்டிருப்பார்கள். அங்கே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. ஊர்ப்பெரியவர்கள் யாரும் வழி மறுத்ததில்லை. எந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று நின்று சொல்லி அனுப்பியவர்களே அதிகம்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கும், ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்கும் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பொருத்தமானது. தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1950களில் கட்டப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. இதன் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்கள் 9,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருகின்றன. கால்வாய்க் கரையில் செல்லும் மண்பாதைகள் நீரோட்டத்துக்கு ஏற்ப ஏறக்குறைய சமமாகவே போவதால் மூச்சு வாங்காது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்லும் தென்னையும், சற்றுத் தள்ளி மாந்தோப்புகள். சித்திரை, வைகாசியில் வந்தால் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போவதைக் காணலாம். ஆனால் அந்த மாதங்களில் காலை எட்டரை மணிக்குள் வண்டியை நிறுத்திவிட வேண்டும். கால்வாயில் தண்ணீர் விடும் காலத்தில் கரை சில இடங்களில் ஊறிச் சறுக்கும் என்பதால், சிறுவர்களை நீர்ப்பக்கம் ஓட்டவிடாதீர்கள்.

தளி குளிர்ச்சியான ஊர். ஓசூரிலிருந்து சாலை நல்ல சாலை, ஏரிகளும் மலர்ப் பண்ணைகளும் கண்ணுக்கு இதம். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையைப் பற்றித்தான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று செல்லும் அந்தப் பாதை, காட்சியைப் பொறுத்தவரை இரு மாவட்டங்களிலும் ஒப்பற்றது. ஆனால் அது யானைகளின் நிலம். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் இந்தப் பகுதியில்தான் அறிவிக்கப்பட்டன. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை வட்டாரத்துக்கு வருவது ஆண்டுதோறும் நடப்பது. நமக்கு மிகவும் பிடித்த அந்தக் குளிர்மாதங்களே அவை வரும் மாதங்களும். மிதிவண்டி ஓசையில்லாமல் வளைவைத் திரும்புவதால் யானைக்கும் நமக்கும் முன்னறிவிப்பே இருக்காது. விடுமுறைக்கு வருபவர்கள் இந்தப் பாதையை மிதிவண்டிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். காரில் பகலில் கடந்து போய்ப் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதைகளில் எங்குமே வனத்துறையின் அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்த துயரத்துக்குப் பிறகும் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கக்கூடாது.

இனி அந்த வாடகை வண்டி. 27.5 அங்குலச் சக்கரம், முன்பக்கச் சஸ்பென்ஷன், 21 கியர், கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் என்று பட்டியலில் பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. சட்டகம் உறுதியானது, இருக்கை நல்லது, வத்தல்மலை ஏற்றத்தில் கியர்கள் ஒருமுறையும் தவறவில்லை. ஆனால் புறப்படும் முன் பின்சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தேயும் பகுதி கிட்டத்தட்ட முழுவதும் போய், அடியில் உள்ள இரும்புத் தகடு ஒரு ஓரத்தில் பளபளத்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தால், "கம்பியை இறுக்கிக்குங்க, சரியாயிடும்" என்றார். பேடு தேய்ந்த பிறகு கம்பியை இறுக்குவது பிரேக் பிடிப்பதுபோன்ற தோற்றத்தை மட்டுமே தரும். நீண்ட இறக்கத்தில் தகடும் டிஸ்க்கும் உரசிச் சூடேறி, தேவைப்படும் இடத்தில் வண்டி நிற்காது. சமவெளி நகரத்தில் ஓடும் வண்டியையே மலைக்கும் கொடுத்தனுப்பும் இந்த அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னிடம் இருந்த புதிய பேடுகளைப் பொருத்திய பிறகே அவனை இறக்கத்தில் விட்டேன்.

ஆகவே வாடகைக்கு எடுப்பவர்கள், முடிந்தால் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டியைக் கேளுங்கள். பேடு தேயத் தேய அது தானே ஈடுகட்டிக்கொள்ளும். எந்த வண்டியானாலும் பேடில் தேயும் பகுதி அரை மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். இடையில் டிஸ்க் ஆறிக்கொள்ளும். இன்னொன்று வால்வு. மெல்லிய வால்வு உள்ள டியூபுக்கு நம் கிராமத்துப் பஞ்சர் கடைகளில் காற்றடிக்க முடியாது. மோட்டார் சைக்கிளில் உள்ள அதே தடித்த வால்வு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். கருவேல முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் நிறைந்த இந்த மண்ணில் பஞ்சர் ஆகாமல் திரும்புவது அரிது. ஒரு மாற்று டியூப், ஒட்டுப் பசை, கைப்பம்பு மூன்றும் பையில் இருக்கட்டும்.

வருவதற்கு ஏற்ற காலம் கார்த்திகைக் கடைசி முதல் மாசி வரை. ஆடியில் ஒகேனக்கலுக்கு வர நினைப்பவர்கள், கர்நாடக அணைகள் நிரம்பி நீர்வரத்து பெருகும்போது அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும் என்பதை அறிந்து, அன்றைய அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். வத்தல்மலைக்குப் போகிறவர்கள் தருமபுரியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொண்டு, காலை ஆறரை மணிக்கு அடிவாரத்தில் இருந்தால், பத்து மணிக்குள் மேலே காபித் தோட்ட நிழலில் இருக்கலாம்.