தருமபுரியில் ஈறு வைத்தியம் பார்க்க: மூன்று வருட எம்.டி.எஸ்.ஸா, வார இறுதி கோர்ஸா?

பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். முடித்துவிட்டுத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கிளினிக் போட நினைப்பவருக்கு, ஈறு வைத்தியம் கற்க இரண்டு வழி. நீட் எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருடம் பெரியோ (ஈறு நோய்க்கான மேற்படிப்பு) படிக்கலாம். அல்லது கிளினிக்கை உடனே திறந்து, லேசர், ஃபிளாப் (ஈறைத் திறந்து செய்யும் அறுவை), இம்ப்ளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) என வார இறுதி கோர்ஸ்களில் கற்றுக்கொள்ளலாம். பெரியோ எடுத்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன், சாய்வு இருக்கும்.

செலவுக் கணக்கில் கோர்ஸ்தான் ஜெயிக்கும். எம்.டி.எஸ். என்றால் மூன்று வருடம் சொந்த கிளினிக் வருமானம் இல்லை. சென்னை அரசுக் கல்லூரியிலோ சிதம்பரத்திலோ இடம் கிடைத்தால் சமாளிக்கலாம், தனியாரில் லட்சக்கணக்கில் போகும். ஆனால் போர்டில் 'ஈறு சிறப்பு மருத்துவர்' என்று எழுத எம்.டி.எஸ். வேண்டும். கோர்ஸ் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

தீர்மானிக்கும் விஷயம் வேறு: ரீகால், அதாவது நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பது. ஈறு நோய் ஒரு சிட்டிங்கில் முடிகிற வேலை அல்ல. பல்லுக்கு ஆறு இடத்தில் புரோப் (அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி) வைத்து ஈறுக்குள் ஆழத்தை அளந்து சார்ட் போட வேண்டும். ஸ்கேலிங் (பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை எடுப்பது), ரூட் பிளானிங் (வேர்ப் பரப்பைச் சுத்தம் செய்வது) முடித்து 4 முதல் 6 வாரம் கழித்து அதே இடங்களைத் திரும்ப அளக்க வேண்டும். 5 மி.மீ.க்குக் குறையாத பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளம்) அப்போதும் நின்று, புரோப் பட்டு ரத்தமும் வந்தால்தான் ஃபிளாப் பேச்சே. அதன்பின் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கோர்ஸில் கீறுவது, தைப்பது எல்லாம் கற்றுத் தருவார்கள். ஆறாவது வாரம் அந்த நோயாளியைப் பார்க்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். எம்.டி.எஸ்.ஸில் இறுதித் தேர்வே அப்படித்தான்: முதல் நாள் ஒரு குவாட்ரன்டில் (வாயின் கால் பகுதியில்) ஃபிளாப், மறுநாள் அதே நோயாளியை வைத்து ரிவ்யூ கேள்விகள்.

பாக்கெட் ஏன் திரும்புகிறது என்பது அப்படித்தான் கைக்குப் பிடிபடும். கடைவாய்ப் பல்லின் வேர் பிரியும் இடத்தில் கியூரெட் (காரையைச் சுரண்டும் கைக்கருவி) நுழைந்திருக்காது. சர்க்கரை ஏறியிருக்கும். அல்லது கியூரெட் மழுங்கியிருக்கும். மழுங்கிய கியூரெட் காரையைப் பெயர்க்காமல் மேலாகத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். கைக்குச் சுத்தமாகத் தெரியும், ஆறு வாரத்தில் அங்கேயே ரத்தம் கசியும். கிரேசி வகை கியூரெட்டைச் சாணை பிடிக்கும்போது கல்லுக்கும் பிளேடு முகத்துக்கும் 100 முதல் 110 டிகிரி இருக்க வேண்டும். ஒரு வார இறுதியில் படிகிற பழக்கமல்ல இது.

நம் பக்கம் ரீகாலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரில் வளர்ந்தவர்கள், "கிளீன் பண்ணி வெள்ளையாக்குங்க டாக்டர்" என்று வருவார்கள். அந்தக் கறை எனாமலுக்குள் இருப்பது, ஸ்கேலருக்குப் போகாது. முதலிலேயே சொல்லாவிட்டால் ஏமாந்ததாக நினைப்பார்கள். காரை எடுத்ததும் பல் ஆடினால், "சுரண்டியே லூசாக்கிட்டாரு" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். எலும்பு முன்பே கரைந்து, காரைதான் பல்லைப் பிடித்து வைத்திருந்தது என்பதை எக்ஸ்ரேயில் காட்டிவிட்டே ஸ்கேலரை எடுக்க வேண்டும்.

இம்ப்ளான்டுக்கும் இதே கதைதான். ஈறு நோயால் பல் இழந்தவருக்கு வைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பார்க்காவிட்டால், அதைச் சுற்றியும் எலும்பு கரையலாம்.

குடும்ப கிளினிக் ஏற்கெனவே ஓடுகிறது, பல் எடுப்பதும் ஆர்.சி.டி.யும் (வேர் சிகிச்சை)தான் முக்கிய வேலை என்றால் கோர்ஸ் போதும்; ஆழமான பாக்கெட்டை ரெஃபர் செய்துவிடலாம். பெரியோ மட்டும் பார்த்து இங்கே கிளினிக் ஓட்டுவதும் கஷ்டம்தான். சொந்த கிளினிக்கில் எல்லா வேலையும் பார்த்துக்கொண்டு, ஓசூர், கிருஷ்ணகிரி கிளினிக்குகளுக்கு விசிட்டிங் போவது நடைமுறைக்கு ஒத்துவரும். வருமானம் கிளினிக்குக்குக் கிளினிக் மாறும் என்பதால் அதில் உறுதி சொல்ல மாட்டேன். ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: ஆறாவது வாரம் நோயாளிக்கு போன் போடுவது யார், அன்று சார்ட் போடுவது யார். அந்த கிளினிக் கைவிரித்தால் அங்கே ஃபிளாப் செய்யாதீர்கள்.