நுஷ்கியில் பிரிந்த இருவர்: பாட்டிஞ்சரா, கிறிஸ்டியா?

1807இல் நெப்போலியன் பாரசீகத்தோடும், சில வாரங்களில் ரஷ்யாவோடும் உடன்படிக்கை செய்துகொண்டார். பிரெஞ்சுப் படை தரைவழியாக இந்தியாவுக்கு வந்துவிடுமோ என்ற பயம் கிழக்கிந்தியக் கம்பெனியைப் பிடித்துக்கொண்டது. வந்தால் எந்த வழியாக வரும்? அதை நேரில் பார்த்துவர 1810இல் பம்பாய்ப் படையின் கேப்டன் கிறிஸ்டியையும் லெப்டினன்ட் ஹென்றி பாட்டிஞ்சரையும் கம்பெனி அதிகாரி ஜான் மால்கம் அனுப்பினார். இருவரும் குதிரை வியாபாரி வேடத்தில் பலுசிஸ்தான் கரையில் இறங்கி, கலாத் வழியாக நுஷ்கி என்ற ஊர் வரை சேர்ந்தே போனார்கள். மார்ச் மாதம் அங்கே பிரிந்தார்கள். கிறிஸ்டி வடக்கே ஆப்கானியக் கோட்டை நகரமான ஹெராத்துக்கு, பாட்டிஞ்சர் மேற்கே பாலைவனத்துக்கு. இரண்டில் எது பெரிய பயணம்?

சாகசம் என்று பார்த்தால் பாட்டிஞ்சர் பயணம்தான் மனத்தை விட்டுப் போகாது. அப்போது அவருக்கு வயது 20. செக்கச்செவேல் என்று மணல், கடல் அலைபோல வரிசை வரிசையாக. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்கல் சுவர் மாதிரி செங்குத்து, உயரம் 10 முதல் 20 அடி. உச்சியில் மணல் சரியத் தொடங்கியதும் ஒட்டகங்கள் சட்டென்று மண்டியிட்டு, மணலோடு மணலாக வழுக்கி இறங்கினவாம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

கிறிஸ்டி பாதையில் இப்படிப்பட்ட காட்சிகள் குறைவு. ஹெல்மந்த் ஆறு, சீஸ்தான், அப்புறம் ஹெராத். ஆனால் ஹெராத்தில் ஒரு மாதம் தங்கி, கோட்டையையும் சுற்றியிருந்த செழிப்பான வயல் தோப்புகளையும் கண்ணால் அளந்தார். படைக்குத் தண்ணீரும் தானியமும் வேண்டுமே! பாட்டிஞ்சரின் பாலைவனத்தில் ஒரு பெரும்படை பிழைக்காது. ஹெராத் வழியில் பிழைக்கும். அனுப்பிய கேள்விக்கு நேரான விடை கிறிஸ்டியிடம்தான் இருந்தது.

ஜூன் கடைசியில் பாரசீக நகரமான இஸ்பஹானில் இருவரும் சந்தித்தபோது, பாரசீக உடையில் ஒருவரையொருவர் உடனே அடையாளம் தெரியவில்லை.

பாட்டிஞ்சர் 1816இல் பயண நூல் வெளியிட்டார், ஹாங்காங்கின் முதல் ஆளுநரானார், 1848இல் சென்னை ஆளுநராகவும் வந்தார். கிறிஸ்டி 1812இல் அஸ்லாந்தூஸ் போரில், பாரசீகர் பக்கம் நின்று ரஷ்யரிடம் உயிரை விட்டார். பெயர் நிலைத்ததற்கும் மறைந்ததற்கும் இதுதான் காரணம் என்பேன். பயணத்தின் தரம் அல்ல.

1837இல் ரஷ்யர்களின் ஊக்கத்தோடு பாரசீகப் படை முற்றுகையிட்டது எந்த ஊரை? ஹெராத்தை. உள்ளே நின்று அதைக் காக்க உதவியவர் பாட்டிஞ்சரின் அண்ணன் மகன் எல்ட்ரெட். என் ஓட்டு கிறிஸ்டிக்கே.