ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் டெரஸ் வீடு (சுவர் ஒட்டிய வரிசை வீடு), ஆனாலும் தமிழ்நாட்டு வேட்டை நாய்தான் வேண்டும் என்பவர்களுக்கு:

வேட்டை: ராஜபாளையம் காட்டுப்பன்றிக்கு. சிப்பிப்பாறை முயலுக்கு, பூனை ஓடினால் உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

காவல்: ராஜபாளையம்தான். 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் வந்த நாய், கெத்து இருக்காதா? ஆனால் அந்நியரை எளிதில் ஏற்காது. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வீடு நிறைய ஆள் வந்தால் எங்கே கட்டுவீர்கள்?

உடல்நலம்: ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. பின்னால் நின்று கைதட்டுங்கள். திரும்பாத குட்டிக்குப் பணம் நீட்டாதீர்கள். வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு, மத்தியான வெயிலுக்கு ஆகாது. சிப்பிப்பாறை மெலிந்த உடல், குட்டை முடி, வெயில் தாங்கும்.

செலவு: வித்தியாசம் பெரிதில்லை. இறக்குமதி பெர்மிட், ரேபிஸ் ஊசி, குவாரண்டின், அப்புறம் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) லைசன்ஸ்.

சுற்றுச்சுவர் வைத்த பங்களா, எப்போதும் வீட்டில் ஆள் என்றால் ராஜபாளையம். தினமும் காலையில் ஓடுபவருக்குச் சிப்பிப்பாறை. டெரஸ் வீட்டுக்கும் அதுவே, கேட் உயரமாக இருந்தால். கொண்டோ அடுக்குமாடியா? சரி, மீன் வளருங்கள்.