அட்டவணையா, படச்சொல்லா, ஒலியா: வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எது?

நான்காம் வகுப்புக்கு வந்தும் வாசிப்பு பிடிபடாத பிள்ளைக்குக் காரைக்குடிப் பக்கம் மூன்று விதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உயிர்மெய் அட்டவணையை வரிசையாக ஒப்பிக்க வைப்பது, படத்தோடு முழுச்சொல்லைக் காட்டிப் பழக்குவது, ஐந்தாறு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒலியைப் பிரித்துச் சேர்ப்பது. டிஸ்லெக்சியா (எழுத்தையும் ஒலியையும் பொருத்தி வாசிப்பதில் வரும் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடு இருந்தால் மூன்றாவதில்தான் தொடங்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் வேலை உண்டு, ஆனால் வேறு இடத்தில்.

அட்டவணை வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்த வழி. பிள்ளை க, கா, கி, கீ என்று ராகமாகச் சொல்லும், ஆச்சிக்கும் சந்தோஷம். அதே அட்டவணையில் இடையில் ஒரு ‘கீ’யைத் தொட்டுக் கேட்டால் மறுபடி ‘க’விலிருந்து ஓடி வரும். மனப்பாடமானது வரிசை மட்டும், எழுத்து அல்ல. 247 எழுத்தையும் முதலில் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வருவோம் என்று நின்றால் இரண்டு வருடம் போய்விடும். இன்னொன்று: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த ஆச்சி, பழைய தும்பிக்கை ‘லை’யை எழுதிக் காட்டுவார். புத்தகத்தில் இருப்பது வேறு ‘லை’. மற்ற பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள், இந்தப் பிள்ளை குழம்பும்.

பத்துப் பன்னிரண்டு மெய்யெழுத்து கைவந்த பிறகு அட்டவணை நன்றாக உதவும். அப்போதும் உகர வரிசையை நெடுக்காக ஒப்பிக்க விடாமல் உருவம் பார்த்துக் கூட்டம் பிரியுங்கள்: பு, சு, வு, யு ஒன்று, து, நு, லு, று இன்னொன்று, டு, மு, ரு, ழு, ளு வேறொன்று.

படச்சொல் முறையில் முதல் வாரமே பலன் தெரிவதுபோல் இருக்கும். படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள், பாதி சொற்கள் காணாமல் போகும். ‘பாடம்’, ‘பட்டம்’, ‘படம்’ மூன்றையும் ‘படம்’ என்றே வாசிக்கும் பிள்ளை எழுத்தைப் பார்க்கவில்லை, ஊகிக்கிறது. ஆனால் மிதமான அறிவுசார் குறைபாடு உள்ள மாணவருக்கு இந்த முறைதான் கை கொடுக்கும். ஆண்கள், பெண்கள், ஆபத்து, மருந்து, பேருந்துப் பலகை என்று அன்றாடம் தேவைப்படும் சொற்களை முழுச்சொல்லாகவே பழக்கலாம். அதிலும் ஒரு எச்சரிக்கை: ‘தேவகோட்டை’யும் ‘புதுக்கோட்டை’யும் ஒரே வாலோடு முடிகின்றன. வாலைப் பார்த்து ஏறினால் ஊர் மாறிப் போகும். முதலெழுத்தில் சிவப்பு வட்டம் போட்டு, இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துக் காட்டுங்கள். பிறகு வட்டம் இல்லாத பலகையில் சரிபாருங்கள்.

ஒலி முறையில் தொடக்கக் கூட்டம் அ, ப, ட, ம, க, அதோடு புள்ளியும் துணைக்காலும். இவ்வளவிலேயே அம்மா, அப்பா, அக்கா, மாமா, படம், பாடம், பட்டம், பக்கம், காகம், மாடம் எல்லாம் கிடைத்துவிடும். ‘ப’வையும் ‘ம’வையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்த வேண்டாம், உருவம் நெருக்கம். ‘ர’வைத் தள்ளிப்போடுங்கள். கையெழுத்தில் அதுவும் துணைக்காலும் ஒன்றுபோல் தெரியும். ‘கெ’, ‘கே’, ‘கை’, ‘கொ’ கடைசியில் வரட்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்க இப்போதுதான் பழகும் பிள்ளைக்கு அது பெரிய தடை.

தினம் 20 நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். பழைய அட்டைகள் 3 நிமிடம். அடுத்து 5 நிமிடம் வாய்வழியாக மட்டும்: ‘அப்பா’ என்றால் அ, ப், பா என்று மூன்று புளியங்கொட்டையை நகர்த்த வேண்டும். புதிய எழுத்து 5 நிமிடம், தாம்பாளத்தில் பரப்பிய கோலமாவில் விரலால், ஒலியைச் சொல்லிக்கொண்டே. மாவு அரை விரல்கடைக்கு மேல் இருந்தால் கோடு மூடிக்கொள்ளும். பிறகு சொல் வாசிப்பு 4 நிமிடம், சொல்வதெழுதுதல் மூன்று சொல், 3 நிமிடம். பத்துக்கு ஒன்பது சொல்லை மூன்று நாள் தொடர்ந்து தடுமாறாமல் வாசித்தால்தான் அடுத்த எழுத்து. ‘பட்டம்’ ‘படம்’ ஆகிக்கொண்டே இருந்தால் எழுத்து அட்டையைத் திருப்பிக் காட்டிப் பயனில்லை. ஒற்று காதில் விழவில்லை என்று அர்த்தம், கொட்டைக்குத் திரும்புங்கள்.

இந்த முறையின் குறை, அலுப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு ‘அம்மா, மாமா’ கூச்சமாக இருக்கும். அதனால் வகுப்பில் எல்லோர் முன்னும் வேண்டாம், தனியாக நடக்கட்டும். அந்த நேரத்தை விளையாட்டு பீரியடிலிருந்தோ ஓவிய பீரியடிலிருந்தோ எடுக்காதீர்கள். அவன் கெட்டிக்காரனாக இருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

தமிழ்நாடு அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. அந்தப் பிரிவுகளோடு இது மோதாது. தொடக்க நிலையான அரும்பில் நிற்கும் பிள்ளைக்கு வகுப்புச் செயல்பாட்டுக்கு மேல் இந்த 20 நிமிடத்தைச் சேர்த்தால் சரி.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். கடைசி நேரத்தில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். சலுகை வந்ததும் வாசிப்புப் பயிற்சியை நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு. எழுதுபவர் தேர்வறையில் மட்டும்தான் இருப்பார்.