குடியை விட எந்தக் கூட்டம்? நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு அலசல்

குடியை விட வேண்டும் என்று நினைக்கிறவருக்கு நம் பக்கத்தில் வழிகள் பல உண்டு. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டம், அதையே போனில் பார்க்கிற ஜூம் கூட்டம், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, தனியார் மறுவாழ்வு மையம், அப்புறம் மாலை போடுவது. எது சிறந்தது என்று கேட்டால், அடுத்த வாரமும் தவறாமல் போக முடிகிற இடம் எதுவோ அதுதான் என்பது என் கட்சி.

ஆனால் தினமும் காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், காதில் குரல் கேட்கலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. வீட்டில் இருப்பவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று வேறெங்காவது தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஹைகிரவுண்டில் மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்து இந்தக் கட்டத்தைத் தாண்ட வைப்பார்கள், அதுவும் செலவில்லாமல். ஆனால் உடம்பு தேறி வீடு திரும்பினால் தெருமுனையில் அதே டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும். அதற்கு வார்டில் மருந்து இல்லை. கூட்டம் தேவைப்படுவது அங்கேதான்.

ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொருவராகத் தன் பெயரை மட்டும் சொல்லி, தன் கதையைச் சொல்வார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தியும் சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே வீட்டில் புத்திமதி வாங்கிச் சலித்தவருக்கு இது பெரிய ஆறுதல். திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். சர்ச் வளாகத்து அறையில் நடந்தால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று சிலர் தயங்குவார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. கடவுள் என்ற பேச்சு வரும், எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு.

இதெல்லாம் சும்மா பேச்சுத்தானே என்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வலசல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை முழுக்க விட்டு இருப்பதில் ஏ.ஏ. வழி மற்ற ஆலோசனை முறைகளுக்குச் சளைத்ததாக இல்லை, பல இடங்களில் மேலாகவே இருந்தது.

நம் ஊரில் சிக்கல் வேறு. "யாராவது பாத்துட்டா என்ன அண்ணாச்சி செய்ய?" என்ற கேள்வி. பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்ததைப் பார்த்த ஊர், கூட்டத்துக்குப் போவதையும் பார்த்துவிட்டுப் போகட்டுமே! இருந்தாலும் கூச்சம் கூச்சம்தான். அம்பாசமுத்திரத்துக்காரர் பாளையங்கோட்டைக் கூட்டத்தைத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் கூட்டம் முடிகிற நேரத்துக்குத் திரும்ப பஸ்ஸோ ரயிலோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்ப வழியில்லாமல் ஜங்ஷனில் ராத்திரி தனியாக நிற்பது புதிதாக விட்டவருக்கு நல்லதில்லை. இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால், இந்திய ஏ.ஏ. இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு போன் அடித்துக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஜூம் கூட்டம் அந்தக் கூச்சத்தைத் தீர்க்கும். வள்ளியூரிலோ சங்கரன்கோவிலிலோ கதவைச் சாத்திக்கொண்டு கேட்கலாம். பெண்களுக்கும், ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் இதுதான் முதல் வாசல் என்றுகூடச் சொல்வேன். குறை என்னவென்றால் கேமராவை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்ள முடியும். நேரில் போனால் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பழைய உறுப்பினர் ஒருவர் போன் நம்பர் தருவார். சாயங்காலம் ஆறு மணிக்கு நாக்கு இழுக்கும்போது கூப்பிட ஆள் இருக்கும். என் ஓட்டு நேரில் போவதற்கே.

மாலை போடுவதைக் கேலி செய்ய மாட்டேன். சபரிமலைக்கும் குலசை தசராவுக்கும் மாலை போட்டு, விரதம் முடியும்வரை ஒரு சொட்டு தொடாதவர்கள் நம்மிடையே ஏராளம். மாலையைக் கழற்றிய அன்று ராத்திரிதான் வம்பு. விரதம் இருக்கும்போதே கூட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டால், கழற்றிய பிறகு பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

தனியார் மையத்தைத் தேர்ந்தெடுத்தால் மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். "சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கலாம்" என்று விற்கும் மருந்துப் பக்கமே போக வேண்டாம். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிரம் போன்ற மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் உயிரே போகலாம்.

குடிப்பவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் வீட்டுக்காரம்மா காத்திருக்கத் தேவையில்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியாக இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும், போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலும் வீட்டுக்காரம்மாவே கூப்பிட்டுப் பேசலாம், இரண்டுக்கும் காசு கிடையாது.